மூவாயிரம் ரூபாய்க்கு அவென்டஸ் கிடைக்குமா?

கிரீட் நிறுவனத்தின் 'அவென்டஸ்' சென்ட் 2010இல் வந்தது. அன்னாசி மணத்தில் தொடங்கி, போகப்போகப் புகையும் கஸ்தூரியுமாக அடங்கும். ஐக்கிய அரபு அமீரகத்தின் ஸ்டெர்லிங் நிறுவனம் 'ஆர்மாஃப்' பிராண்டில் விற்கும் 'கிளப் டி நுய் இன்டென்ஸ் மேன்' கிட்டத்தட்ட அதே சாயல். விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அடித்தவுடன் எலுமிச்சை சற்றுக் காரமாக மூக்கில் ஏறும். அது அடங்கியபின் பக்கத்தில் இருப்பவருக்கு வித்தியாசம் பிடிபடுவது கடினம். தினமும் ஆபீஸ் போக இதுவே தாராளம் என்பேன்.

இதில் திருட்டு எதுவும் இல்லை. ஒரு சென்டில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதை கேஸ் குரோமட்டோகிராஃபி கருவி பெருமளவு பிரித்துக் காட்டிவிடும். அதைப் பார்த்து அதே சாயலில் இன்னொன்று செய்வதைச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. பெயர், லோகோ, பாட்டில் வடிவம் என்று கை வைத்தால்தான் வம்பு. ஐரோப்பாவில் இன்னும் கறார்: 'இது இன்ன பிராண்டின் வாசனை' என்று ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு விற்பதே முறையற்ற ஆதாயம் என்று லோரியல் - பெல்யூர் வழக்கில் 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது.

'ஃபர்ஸ்ட் காப்பி' கதையே வேறு. அவென்டஸ் என்றே பெயர் அச்சடித்து ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் விற்பது அப்பட்டமான போலி. 'டெஸ்டர் பீஸ், அதான் பெட்டி இல்லை' என்பார்கள். செய்தது யாரென்றே தெரியாதபோது உள்ளே இருப்பதற்கு யார் பொறுப்பு? எத்தனாலுக்குப் பதில் மெத்தனால் கலந்த போலி சென்ட்கள் வெளிநாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. மெத்தனால் தோல் வழியாகவும் உடலில் ஏறும் நஞ்சு. அரிப்போ தடிப்போ வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தோல் மருத்துவரிடம் பாட்டிலோடு போங்கள்.

இந்தியச் சட்டப்படி சென்ட் ஓர் அழகுசாதனப் பொருள். வெளிநாட்டுச் சரக்கில் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும், உள்நாட்டுச் சரக்கில் உற்பத்தி உரிம எண்ணும் இருக்க வேண்டும். பேட்ச் எண், காலாவதி தேதி, எம்.ஆர்.பி. இரண்டுக்கும் பொது.

போலி வந்து சேர்ந்தால் பில், பெட்டி, பாட்டில் எதையும் தூக்கி எறியாதீர்கள். ஆன்லைனில் வாங்கிய போலிச் சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இடம் தரவில்லை. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு.