செங்கப்படை ரோபோவும் உங்கள் பிள்ளையின் கம்ப்யூட்டர் படிப்பும்: தெரியுமா?

அபிராமத்துக்குப் பக்கத்தில், கமுதி செங்கப்படையில், 2,500 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் சூரிய மின் நிலையத்தில் எத்தனை பேனல்கள் தெரியுமா? 25 லட்சம்! 2016-ல் 648 மெகாவாட் திறனோடு அது ஓடத் தொடங்கியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அத்தனையையும் தூசி துடைப்பது யார்? ரோபோக்கள்! அவற்றுக்கு சார்ஜ் ஏறுவதும் வெயிலில்தான்!

இதை உங்கள் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, முதலில் என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். "சக்கரம் எப்படிச் சுத்துது?" என்றால், அந்தக் கைக்கு மோட்டாரும் பேட்டரியும் வயரும் கொடுங்கள். "ஓரம் வந்துருச்சு, திரும்புன்னு அதுக்கு யாரு சொன்னா?" என்றால், மனசு கோடிங் பக்கம் சாய்கிறது. எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதற்கு, கோச்சிங் நோட்டீஸைவிட இந்தக் கேள்விதான் நல்ல வழிகாட்டி.

கோடிங்குக்கு முதலில் கம்ப்யூட்டரே வேண்டாம், தெரியுமா? 1967-ல் சீமோர் பேப்பர்ட்டும் நண்பர்களும் குழந்தைகளுக்கென்றே 'லோகோ' மொழியை உருவாக்கினார்கள். முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்று ஓர் ஆமைக்குக் கட்டளை போட்டுப் படம் வரைய வைக்கும் மொழி அது. அந்த ஆமையாக உங்கள் பிள்ளையே தெருவில் நடக்கட்டும்! நாலு எட்டு நடந்து 90 டிகிரி திரும்பு. இதையே நாலு தடவை செய்தால் சதுரம். முக்கோணத்துக்கு? 60 என்று சட்டென்று வாயில் வரும். 60 திரும்பித் திரும்பி நடந்து பாருங்கள், வருவது அறுகோணம்! திரும்ப வேண்டியது 120. காலால் கண்டுபிடித்த கணக்கு ஆயுசுக்கும் மறக்காது.

எட்டு வயதில் ஸ்கிராட்ச். கட்டளைக் கட்டைகளை அடுக்கும் மொழி, 2007-ல் வெளியானது, இலவசம்! தமிழிலேயே எழுதும் கணினி மொழியும் இருக்கிறது, தெரியுமா? முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்'. 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் பதிக்கும்! பைத்தான் அதற்குப் பிறகு வரட்டும். பத்து வயதுக்குள் ஏ.ஐ. சான்றிதழ் வாங்கித் தர அவசரப்படவே வேண்டாம்.

பாதை தப்பிவிடுமோ என்று பயமா? நம்ம ராமேஸ்வரத்துக் கலாம் முதலில் படித்தது விமானப் பொறியியல் இல்லை, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல்! அதை முடித்த பிறகுதான் பொறியியல்தான் தன் வழி என்று அவருக்கு விளங்கியது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரப் பணத்துக்காக அக்கா ஜொகரா தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அங்கே காட்சிக்கு நின்ற, பறக்காத இரண்டு பழைய விமானங்களின் அருகே, மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் கலாம் உட்கார்ந்திருப்பாராம்!

இன்னொன்று தெரியுமா? பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுக்காவிட்டாலும், கணிதமும் இயற்பியலும் வேதியியலும் படித்திருந்தால் பி.இ. கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாவது முடித்து மூன்று வருஷ பாலிடெக்னிக் டிப்ளமா படித்தாலோ, பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே நேரடியாகச் சேரலாம்!