ஆவடி டேங்க்கை டிவி ஸ்டாண்டில் நிறுத்தலாம்!

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரான டி-72 'அஜெயா' டேங்க், பீரங்கிக் குழலோடு சேர்த்து சுமார் 9.5 மீட்டர் நீளம். அதையே 35-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 27 சென்டிமீட்டர்தான்!

டேங்க் மாடல்களில் இந்த 1/35 அளவுதான் ராஜா. பொம்மைக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டுமே என்று 1960-களில் ஜப்பானின் டாமியா நிறுவனம் பிடித்த அளவு அது.

டாமியாவின் டி-72 கிட்டில் வருவது சோவியத் டேங்க். அதை ஆவடிக்காரனாக மாற்றுவதில்தான் சுவாரஸ்யமே! பச்சையும் மணல் நிறமுமாக, நீர்க்கக் கலந்து இரண்டு கோட் பெயின்ட் அடியுங்கள். அடுத்து நம்பர் பலகை. மேல்நோக்கிய அம்புக்குறி, பக்கத்தில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம்... நம் ராணுவ வண்டிகளின் அடையாளமே அதுதான். பொறுமையைச் சோதிக்கும் வேலையும் அதுதான்.

புத்தம்புதிதாக மின்னினால் பொம்மை மாதிரி இருக்கும். கோலமாவில் ஒரு சிட்டிகை காவி கலந்து சக்கரப் பட்டையில் தடவுங்கள். பாலைவனப் புழுதி ரெடி!