பட்டாசு சத்தம்: 4 மீட்டர் தள்ளி நின்றால் போதுமா? 125 டெசிபல் விதி சொல்வது என்ன?

தீபாவளி, கோயில் திருவிழா, கல்யாணம், கட்சித் தலைவர் வரவேற்பு, ஏன், இறுதி ஊர்வலத்திலும்கூட தமிழ்நாட்டில் பட்டாசு உண்டு. இந்தியாவின் பட்டாசில் பெரும்பகுதி விருதுநகர் மாவட்டம் சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில்தான் தயாராகிறது. அங்கே செய்யப்படும் ஒவ்வொரு வெடிக்கும் ஒலி அளவில் ஒரு உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் அந்த வரம்புக்குள்ளேயே ஒரு தூரக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

விதி என்ன சொல்கிறது?

1999 அக்டோபரில் மத்திய அரசு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் பட்டாசு சத்தத்துக்கு அளவு நிர்ணயித்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் அளந்தால் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. நொடிக்கும் குறைவான நேரத்தில் எகிறும் உச்ச அழுத்தத்தைத் தனியாக அளந்தால் 145 டெசிபலைத் தாண்டக் கூடாது. மீறும் வெடிகளைத் தயாரிக்கவும், விற்கவும், வெடிக்கவும் தடை.

இதில் முக்கியமான வார்த்தை ‘4 மீட்டர்’. ஏறக்குறைய 13 அடி. வெடியிலிருந்து அவ்வளவு தள்ளி அளக்கும் சத்தத்துக்குத்தான் விதி வரம்பு வைத்திருக்கிறது.

கிட்ட நின்றால் என்ன ஆகும்?

திறந்தவெளியில் தூரம் பாதியாகக் குறைந்தால் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும். கேட்க 6 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் டெசிபல் கணக்கில் 6 கூடினால் காதில் மோதும் ஒலி அழுத்தம் 2 மடங்கு ஆகிறது.

4 மீட்டரில் 145 டெசிபல் உச்ச அளவு காட்டும் ஒரு வெடியை எடுத்துக்கொள்வோம். சட்டப்படி அது சரியான வெடிதான். 2 மீட்டரில் அதே வெடி சுமார் 151 டெசிபல். 1 மீட்டரில் சுமார் 157. அழுத்தம் 4 மடங்கு!

இருபக்கமும் சுவர் உள்ள குறுகிய சந்தில் நிலைமை இன்னும் மோசம். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

குழந்தைகளுக்கு எவ்வளவு தாங்கும்?

உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டியில், திடீர் வெடிச் சத்தத்தின் உச்ச அளவு பெரியவர்களுக்கு 140 டெசிபலையும், குழந்தைகளுக்கு 120 டெசிபலையும் தாண்டக் கூடாது என்று கூறப்பட்டுள்ளது. இது காதுக்கு வந்து சேரும் சத்தத்தின் அளவு.

நம் விதி அனுமதிக்கும் உச்சம் 4 மீட்டரில் 145. அந்த எல்லையைத் தொடும் ஒரு வெடியின் சத்தம் 140ஆகக் குறைய, திறந்தவெளிக் கணக்குப்படி சுமார் 7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 120ஆகக் குறைய சுமார் 70 மீட்டர் தேவை. அதாவது அடுத்த தெரு முனை!

எல்லா வெடியும் 145-ஐத் தொடுவதில்லை. ஆனாலும் லட்சுமி வெடி, அணுகுண்டு போன்றவற்றை வெடிக்கும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பது நல்லதல்ல என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

அணுகுண்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சத்தம்?

புஸ்வாணத்திலும் மருந்து இருக்கிறது, அணுகுண்டிலும் இருக்கிறது. வித்தியாசம் மருந்தின் கலவையிலும், அதை அடைத்து வைக்கும் விதத்திலும் இருக்கிறது. அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு கலந்த மருந்தைக் காகிதத்துக்குள் அடைத்து, மேலே நூலால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். உள்ளே உருவாகும் வாயுவுக்கு வெளியேற வழி கிடைக்காது. அழுத்தம் ஏறி ஏறி ஒரே நொடியில் கிழித்துக்கொண்டு வரும். அதுதான் ‘டமார்’. புஸ்வாணத்துக்கு வாய் திறந்திருப்பதால் ‘புஸ்’ என்று போய்விடுகிறது.

காதுக்குள் என்ன நடக்கிறது?

பெரிய சத்தம் கேட்டால் நடுக்காதில் உள்ள சிறு தசைகள் இறுகி உள்காதைக் காக்கும். ஆனால் அவை இறுகுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். பட்டாசுச் சத்தம் அதற்குள் உள்ளே போய்விடும்.

உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடிச் செல்கள் உள்ளன. ஒருமுறை அழிந்தால் மனிதர்களுக்கு அவை மறுபடி வளராது. வெடி வெடித்ததும் காது ‘கொய்ங்’னு கேட்பதும், அடைத்த மாதிரி இருப்பதும் அந்தச் செல்கள் அடிவாங்கியதன் அறிகுறி. பலருக்குச் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, காதில் வலி, ரத்தம், திடீர் கேட்புக் குறைவு இருந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். காதில் எண்ணெய் விடக் கூடாது.

துப்பாக்கி சுடும் தளத்தில் எப்படி?

இதே மாதிரி சத்தத்தோடு தினமும் பழகும் இடம் துப்பாக்கி சுடும் தளம். அங்கே காதுக் கவசம் போடாமல் யாரும் சுடும் வரிசைக்குப் போவதில்லை. வேடிக்கை பார்ப்பவருக்கும் அதே விதிதான்.

சில ரைஃபிள்களின் குழல் முனையில் ‘மஸில் பிரேக்’ என்ற பாகத்தைப் பொருத்துவார்கள். அது வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். சுடுபவரின் தோளுக்கு உதை குறையும். ஆனால் பக்கத்து இடத்தில் நிற்பவரின் காதுக்கு அடி அதிகம். அதனால் அப்படிப்பட்ட துப்பாக்கி வைத்திருப்பவர் வரிசையின் ஓரத்தில் இடம் பிடிப்பதும், சுடும் முன் பக்கத்தில் உள்ளவரிடம் சொல்லிவிடுவதும் அங்கே மரியாதை.

நம்ம தெருவிலும் கதை இதுதான். திரியைப் பற்றவைப்பவருக்கு எப்போது வெடிக்கும் என்று தெரியும். காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவார். முன்பின் தெரியாமல் அந்தப் பக்கம் வரும் பைக்காரருக்கும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும்தான் அதிர்ச்சி.

சரவெடிக்கு என்ன விதி?

1999 விதியிலேயே சரவெடிக்குக் கூடுதல் கட்டுப்பாடு இருந்தது. கோர்க்கப்பட்ட வெடிகளின் எண்ணிக்கை கூடக் கூட, அனுமதிக்கப்பட்ட சத்தம் குறைய வேண்டும். 100 வெடி கொண்ட சரமாக இருந்தால் 10 டெசிபல் குறைத்து 115 டெசிபல்தான் வரம்பு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியின் தயாரிப்பு, விற்பனை, பயன்பாட்டுக்கே தடை விதித்தது. பேரியம் உப்பு பயன்படுத்தவும் அப்போது தடை வந்தது.

இந்தத் தீர்ப்பு சிவகாசி வட்டாரத்தைக் கடுமையாகப் பாதித்தது. சரம் பின்னுவது பெரும்பாலும் கைவேலை. அதை நம்பியிருந்த குடும்பங்களுக்கு வேலை குறைந்தது. விதி மீறப்படும் ஒவ்வொரு முறையும் பட்டாசுக்கு எதிரான குரல் வலுக்கிறது. அதன் விலையைக் கொடுப்பது வெடித்தவர் அல்ல, அந்தத் தொழிலாளிதான்.

எப்போது, எங்கே வெடிக்கக் கூடாது?

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் எழுப்பும் பட்டாசு வெடிக்கத் தடை உள்ளது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் எந்த நேரத்திலும் வெடிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் தீபாவளி அன்று காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என 2 மணி நேரம் மட்டுமே அனுமதி என்பது 2018 முதல் நடைமுறையில் உள்ளது.

தெருவில் வெடிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• வெடியைச் சுற்றி 4 மீட்டருக்குள் யாரும் இல்லை என்று பார்த்த பிறகே திரியில் ஊதுபத்தியை வைக்கவும். 7 மீட்டர் தள்ளி நிற்பது இன்னும் நல்லது.

• பற்றவைக்கும் முன் ‘வெடி, வெடி’ என்று குரல் கொடுக்கவும். நடந்து வருபவர், வண்டியில் வருபவர் கடந்து போகும் வரை காத்திருக்கவும்.

• டப்பா, கொட்டாங்குச்சி, பானை வைத்து மூடி வெடிக்க வேண்டாம். அவை சிதறிப் பாயும்.

• பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, இதய நோயாளி, வயதானவர், மிரளும் மாடு, நாய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடவும். முடிந்தால் பொது மைதானத்துக்குப் போகவும்.

• காதில் பஞ்சு வைத்தால் பெரிய பாதுகாப்பு கிடைக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் நல்லது.

வெடிக்காமலே கொண்டாடும் ஊர்கள்

பறவைகளுக்காக இந்த மரியாதையைப் பல ஆண்டுகளாகக் காட்டிவரும் ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. விருதுநகரை ஒட்டிய சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலும் இதே வழக்கம்.

எல்லா ஊரும் அப்படி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெடிக்குள் எத்தனை டெசிபல் என்பதை முடிவு செய்வது தொழிற்சாலை. அது யார் காதில், எவ்வளவு தூரத்தில் விழும் என்பதை முடிவு செய்வது திரியைப் பற்றவைப்பவர்.