88 கீ இருந்தா மட்டும் பியானோ ஆகிடுமா? வாங்கும் முன் விரலைக் கேளுங்க!

யூடியூபில் யாரோ ஒருத்தர் இளையராஜா பாட்டை பியானோவில் வாசிக்கிறதைப் பார்த்துட்டு, 'நாமளும் கத்துக்கிட்டா என்ன?'ன்னு தோணி, உடனே ஷாப்பிங் ஆப்பைத் திறந்தவரா நீங்க? அப்படின்னா குழப்பம் இந்நேரம் ஆரம்பிச்சிருக்கும். ஒரு பக்கம் '88 கீ பியானோ'ன்னு மலிவா ஒண்ணு. இன்னொரு பக்கம் அதே 88 கீ, விலை மட்டும் மூணு நாலு மடங்கு. போட்டோவில் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் போட்டோவில் தெரியாத இடத்தில், கீயோட கனத்தில் இருக்கு.

நிஜ பியானோவில் கீயை அழுத்தினால், உள்ளே ஒரு சின்ன சுத்தியல் எகிறிப் போய் கம்பியைத் தட்டும். 1700-ம் ஆண்டு வாக்கில் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி செய்த கருவி அது. மெதுவா தட்டினா மெல்லிய சத்தம், வேகமா தட்டினா பெரிய சத்தம். 'பியானோஃபோர்ட்டே'ங்கிற பேருக்கே 'மெதுவா - பலமா'ன்னுதான் அர்த்தம். அந்தச் சுத்தியலைத் தூக்குற கனத்தைத்தான் உங்க விரல் உணருது. ஒரு கீயைக் கீழே இறக்க சுமார் 50 கிராம் எடை தேவைப்படும். இடது பக்கம், அதாவது பேஸ் ஸ்வரங்களில் சுத்தியல் பெரிசு, அதனால் கீ கொஞ்சம் கனம். வலது பக்கம் போகப்போக இலகுவாகும்.

டிஜிட்டல் பியானோவில் கம்பியும் இல்லை, தட்டுறதுக்கு வேலையும் இல்லை. ஒவ்வொரு கீக்கும் அடியில் ரெண்டு சென்ஸார் இருக்கும். கீ முதல் சென்ஸாரைத் தாண்டி ரெண்டாவதைத் தொட எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கருவி கணக்குப் போட்டு, அதுக்கேத்த சத்தத்தைக் கொடுக்கும். அப்போ கனம் எதுக்கு? அங்கேதான் விஷயமே இருக்கு. ஸ்பிரிங் மட்டும் வைத்த லேசான கீ, தொட்டவுடனே பொசுக்குன்னு இறங்கிடும். மெதுவா இறக்கணும்னு நீங்க நினைச்சாலும் விரலுக்குப் பிடிமானம் கிடைக்காது. எல்லா ஸ்வரமும் ஒரே மட்டத்தில் கத்தும். எதிர்த்து நிற்கிற கீயில்தான் வேகத்தை நம்மால் அளந்து கொடுக்க முடியும்.

இந்தப் பழக்கம் விரலில் ஏறலைன்னா என்ன ஆகும்? லேசான கீபோர்டில் ரெண்டு வருஷம் பழகிட்டு, பரீட்சை ஹாலில் நிஜ பியானோ முன்னாடி உட்காருறப்போ தெரியும். ஸ்வரம் எல்லாம் மனப்பாடம், ஆனா பாதி ஸ்வரம் சத்தமே வராது, கை வேற வலிக்கும். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்துற கிரேடு பரீட்சைகளில் பியானோவுக்குத் தனி பாடத்திட்டம், எலெக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனி பாடத்திட்டம். எதுல சேரப்போறீங்கன்னு ஆசிரியரிடம் கேட்டு முடிவு பண்ணிட்டு, அப்புறம் காசை எடுங்க.

விளம்பர வார்த்தைகளில் ஜாக்கிரதை. 'டச் சென்ஸிட்டிவ்'னா அழுத்துற வேகத்துக்கு ஏத்த மாதிரி சத்தம் மாறும்னு மட்டும்தான் அர்த்தம், கனம் இருக்குன்னு அர்த்தம் இல்லை. 'செமி வெயிட்டட்' பெரும்பாலும் ஸ்பிரிங்தான், கொஞ்சம் இறுக்கமா இருக்கும். நீங்க தேட வேண்டியது 'ஹேமர் ஆக்‌ஷன்'. இடமிருந்து வலமா கனம் குறையணும்னா 'கிரேடட்' அல்லது 'ஸ்கேல்ட்'ங்கிற வார்த்தையும் கூடவே இருக்கணும்.

ஆரம்ப நிலைக்கு யமஹா பி-145, ரோலண்ட் எஃப்பி-10, கேசியோ சிடிபி-எஸ்110, கவாய் இஎஸ்120 இந்த நாலும் அடிக்கடி பேசப்படும் பெயர்கள். நாலிலும் ஹேமர் ஆக்‌ஷன்தான், ஆனா விரலுக்கு நாலும் நாலு விதம். ரோலண்டில் கீயை ரொம்ப மெதுவா இறக்கினா அடியில் ஒரு சின்னத் தடங்கல் தட்டுப்படும். கிராண்ட் பியானோவில் இருக்கிற அதே உணர்வு. கனமும் சற்றுத் தூக்கல். என் ஓட்டு கீயோட தரத்துக்குத்தான், ஸ்பீக்கருக்கு இல்லை. ஸ்பீக்கர் சுமாரா இருந்தா ஹெட்போன் போட்டுக்கலாம், கீயை மாத்த முடியாது. ஐந்நூறு டோன், இருநூறு ரிதம்ங்கிற பட்டியலையும் கண்டுக்காதீங்க. தினமும் வாசிக்கப்போறது ஒரே ஒரு பியானோ டோனைத்தான்.

கூடுமானவரை கடைக்கு நேர்ல போங்க. சென்னைன்னா, 1842-ல் தொடங்கி இன்னும் அண்ணா சாலையில் இருக்கிற மியூசி மியூசிக்கல் மாதிரி இடங்கள் இருக்கு. வாசிக்கத் தெரியாதேன்னு கூச்சப்படாதீங்க. ஒரே கீயை எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா, பத்து தடவை ஒரே சத்தத்தில் தட்டிப் பாருங்க. அப்புறம் கறுப்புக் கீகளுக்கு நடுவில் விரலை உள்ளே தள்ளி வெள்ளைக் கீயை அழுத்துங்க. மெலிசான உடம்புள்ள மாடல்களில் அந்த இடம் திடீர்னு கல்லு மாதிரி இருக்கும், ஏன்னா கீ உள்ளுக்குள் குட்டையா இருக்கு. கடைசியா வால்யூமை சுத்தமா குறைச்சுட்டு வாசிங்க. கேட்குற 'டக் டக்'தான் ராத்திரி பதினோரு மணிக்கு கீழ் வீட்டுக்காரருக்குக் கேட்கப்போற சத்தம். ஹெட்போன் போட்டாலும் அது நிற்காது, ஸ்டாண்ட் வழியா தரைக்கு இறங்கிடும். அபார்ட்மென்ட்டில் இருந்தா கால்களுக்கு அடியில் தடிமனான ரப்பர் மேட் போடுங்க.

ஹெட்போன்னு சொன்னதும் ஏர்பட்ஸை எடுக்காதீங்க. புளூடூத்தில் சத்தம் ஒரு கணம் தாமதமா வரும். பாட்டு கேட்க அது பரவாயில்லை, வாசிக்கும்போது பைத்தியம் பிடிக்கும். ஒயர் ஹெட்போன்தான் ஒரே வழி. பெட்டியோட வர்ற பெடலும் பெரும்பாலும் கையளவு பிளாஸ்டிக் கட்டைதான், தரையில் வழுக்கிட்டு ஓடும். நல்ல பெடலுக்கும், ஆடாத ஸ்டாண்டுக்கும் பட்ஜெட்டில் இடம் வைங்க.

ஒருவேளை உங்க ஆசை, கல்யாண கச்சேரி மாதிரி ரிதம் ஓடவிட்டு சினிமா பாட்டு வாசிக்கிறதா? இல்ல ராகத்தைக் கமகத்தோட வாசிக்கணுமா? அப்போ டிஜிட்டல் பியானோ வேண்டாம். ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் இவற்றில் பெரும்பாலும் கிடையாது. ரிதமும் பிட்ச் பெண்ட் சக்கரமும் உள்ள அரேஞ்சர் கீபோர்டு குறைஞ்ச காசில் அந்த வேலையை அழகா செய்யும்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கிறீங்கன்னா, 88 கீயையும், ஆமாம், 52 வெள்ளை, 36 கறுப்பு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா மெதுவா அழுத்திப் பாருங்க. ஒரு கீ மட்டும் தொட்டதுமே அலறினா, உள்ளே சென்ஸார் ரப்பரில் தூசி சேர்ந்திருக்கலாம். திறந்து சுத்தம் பண்ற வேலை. மெக்கானிக் கூலி எவ்வளவுன்னு கேட்டுட்டு, அதைக் கழிச்சு விலை பேசுங்க.