பட்டப்பகலில் எரியும் விளக்கு!

"ஸார்... லைட் எரியுது!"

பகலில் பைக் விளக்கு எரிந்தால், விரல்களைக் குவித்து விரித்து சைகை காட்டாவிட்டால் நம்ம ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் வராது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது டூவீலர்களில் அதை அணைக்கவே முடியாது என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது?

இந்தப் பகல் விளக்கு சமாசாரம் பனி நாடுகளில் ரொம்பப் பழசு. ஸ்வீடனில் 1977-லேயே சட்டம். கனடாவில் 1989 டிசம்பரிலிருந்து தயாராகும் கார், பிக்கப் டிரக் எல்லாவற்றுக்கும் கட்டாயம். குளிர்காலத்தில் அங்கே சூரியன் தாழ்வாக நின்று கண்ணைக் கூச வைக்கும். எதிரே வரும் வண்டி தெரியாது. தூரத்தில் பொட்டு வெளிச்சம் தெரிந்தால், ஓவர்டேக் ஆசை அடங்கும். ஆசாமி பிழைப்பார்!

அங்கே ஒரு பிக்கப்பில் இந்த விளக்கு மக்கர் பண்ணினால்? ஒயரைப் பிடுங்குமுன் கொஞ்சம் பொறுக்கணும்.

முதலில் பார்க்கிங் பிரேக். பல மாடல்களில் அது போட்டிருந்தால் பகல் விளக்கு எரியாது. பிரேக்கை எடுத்தும் அதன் ஸ்விட்ச் சிக்கிக்கொண்டால், 'ஐயா இன்னும் கிளம்பவில்லை' என்று வண்டி நினைத்துக்கொள்ளும்!

அடுத்தது பல்பு. சில பழைய மாடல்களில் இரண்டு ஹைபீம் பல்புகளையும் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி வரிசையாக இணைத்து, மங்கலாக எரிய விடுவார்கள். ஒன்று போனால் ஜோடியும் அவுட்! ஹைபீம் போட்டுப் பார்த்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். இரண்டுமே எரிகிறதா? அப்போது ஃப்யூஸ், ரிலே பக்கம் போகலாம்.

ஆனால், விளக்கு எரியாததைவிட எரிவதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பெரும்பாலான வண்டிகளில் பகல் விளக்கு முன்பக்கம் மட்டும்தான். எதிரே வெளிச்சம், டாஷ்போர்டும் பளிச். 'லைட் போட்டாச்சே' என்று பனிமூட்டத்தில் நிம்மதியாகப் போவார். வண்டியின் பின்புறமோ கும்மிருட்டு! பின்னால் வரும் லாரிக்காரருக்கு எப்படித் தெரியும்?

இதற்காகவே 2021 செப்டம்பரில் கனடா விதியை மாற்றியது. புது வண்டிகளில் இருட்டினால் பின்விளக்கும் தானாக எரியணும். இல்லையென்றால், டிரைவருக்கு உறைக்கிற மாதிரி டாஷ்போர்டு இருண்டே இருக்கணும்.

பழைய வண்டிக்காரர்கள்? மழையோ பனியோ வந்தால் ஹெட்லைட் ஸ்விட்சைத் திருப்பிவிட்டு, கிளம்புமுன் வண்டியை ஒரு பிரதட்சணம் வந்துவிடுவது உத்தமம். பின்விளக்கு எரியவில்லை என்று விரலைக் குவித்துக் காட்ட அங்கே நம்ம ஊர் ஆள் நிற்க மாட்டாரே!