உருக்கைக் காக்கும் மிளகு கண்ணைக் காக்காது

மாத்தளை மாவட்டத்தின் உக்குவளை, ரத்தோட்டைப் பகுதிகளில் விளையும் மிளகு, உணவுக்கும் மருந்துக்கும் மட்டுமன்றி, உருக்கை அமிலத்தின் அரிப்பிலிருந்து காப்பதற்கும் உதவக்கூடும் என்பது ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்ட செய்தியாகும். தமிழ்நாட்டின் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போதி ராஜா, சேதுராமன் ஆகியோர், சல்பூரிக்கமிலத்தில் மென்னுருக்கு அரிக்கப்படுவதைக் கருமிளகுச் சாறு தடுக்கும் விதத்தை ஆராய்ந்து 2008 இல் வெளியிட்டனர். தாக்கும் நீர்மத்தில் சிறிதளவே சேர்க்கப்பட்டு, அத்தாக்குதலின் வேகத்தைக் குறைக்கும் இத்தகைய பொருள் ‘அரிப்புத் தடுப்பான்’ எனப்படும்.

அமிலத்தில் அமிழும் உருக்கின் மேற்பரப்பில் ஓரிடத்தில் இரும்பு இலத்திரன்களை இழந்து கரைய, இன்னோரிடத்தில் அவற்றை ஏற்று ஐதரசன் வாயு குமிழிகளாக வெளியேறுகிறது. மிளகின் காரத்துக்குக் காரணமான பிப்பெரின் மூலக்கூறு, தன்னிலுள்ள நைதரசன், ஒட்சிசன் அணுக்களின் துணையோடு அப்பரப்பில் ஒட்டிப் படலமாக நிற்பதால் இவ்விரு மாற்றங்களும் தளர்கின்றன. இவ்வாறு ஒட்டி நிற்பதே ‘புறத்துறிஞ்சல்’ எனப்படுகிறது. வெப்பம் மிகும்போது இத்தகைய படலங்கள் தளரக்கூடும். சாறு நாட்பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கொடி விளைந்த இடமும் பருவமும் மாறினால் பிப்பெரினின் அளவும் மாறும்.

இத்தகைய சாற்றைத் தடுப்பானென வாங்குவோர் ஏமாறக்கூடிய இடம், தடுப்புத்திறன் எனும் எண்ணாகும். ஒரு தகட்டுத் துண்டு வெறும் அமிலத்தில் 100 மில்லிகிராம் எடை குறைந்து, சாறு கலந்த அமிலத்தில் 10 மில்லிகிராம் மட்டுமே குறைந்தால், தடுப்புத்திறன் நூற்றுக்குத் தொண்ணூறு எனக் கணக்கிடப்படும். அது சில மணி நேரம் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் நிகழ்ந்ததன் அளவேயன்றி, ஆண்டுக்கணக்கில் மழையில் நனையும் லயன் வீட்டுத் தகரக் கூரைக்குத் தரப்பட்ட உத்தரவாதமன்று. நீரில் கரையும் சாற்றைக் கூரையில் பூசினால் அது முதல் மழையிலேயே கழுவுண்டு போகும். தேயிலையிலும் கடுக்காயிலும் உள்ள தனின் துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாவது வேறொரு வினை. அதையும் இதையும் ஒன்றாக்கி விற்பதை ஏற்க முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து தொழிலாளருடையது. துருவை நீக்க உருக்கை அமிலத் தொட்டியில் ஊறவைக்கும் வேலைத்தளத்தில், நஞ்சுத்தன்மை கொண்ட புரோப்பார்கைல் ஆல்ககால் போன்ற செயற்கைத் தடுப்பானுக்குப் பதிலாக மூலிகைச் சாறு ஊற்றப்படுவது நன்மையே என்றாலும், தொட்டியிலிருப்பது முன்பிருந்த அதே அமிலம்தான். தடுப்பான் உருக்கின் மேல் படலமிடுமேயன்றிக் கண்ணின் மேல் படலமிடாது. கண்காப்பும் கையுறையும் தருவது தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி முதலாளியின் கடமையாகும்; ‘இயற்கைப் பொருள்தானே’ என்பதற்காக அக்கடமை நீங்குவதில்லை. அமிலம் பட்ட கண்ணையோ தோலையோ தாமதமின்றி ஓடும் நீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். வேலையின்போது காயமுற்றவர் 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கோரலாம்.

பயன்படுத்தி முடிந்த தொட்டி நீரில் அமிலமும் கரைந்த இரும்பும் எஞ்சியிருக்கும். அதனை வடிகாலில் திறந்துவிட்டால், மாத்தளை நகரின் ஊடாக ஓடும் சுது கங்கையை அது சென்றடையக்கூடும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, குறித்துரைக்கப்பட்ட தொழில்கள் கழிவை வெளியேற்றுவதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெற்றிருக்க வேண்டும். அயலிலுள்ள வேலைத்தளத்துக்கு உரிமம் உண்டா என்பதை, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி மன்றத்திடமோ மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமோ இலங்கைப் பிரசை எவரும் கேட்கலாம். தகவல் தரப்படுமா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கப்பட வேண்டும்.

பொய்யான தரத்தைச் சொல்லி விற்பது, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி குற்றமாகும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வியாபாரி கடமைப்பட்டவர். முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், பற்றுச்சீட்டையும் போத்தலின் லேபலையும் பத்திரப்படுத்துவது அவசியம். அதிகார சபையின் துரித தொலைபேசி இலக்கம் 1977. எந்த உலோகத்துக்கு, எந்த அமிலத்துக்கு, எவ்வளவு செறிவில், எந்த வெப்பநிலையில் என்ற நான்கையும் சொல்லாத லேபலை வாங்கும்போதே ஐயுறுவது நல்லது.

மிளகு பயிரிடுவோருக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. முற்றாத இலேசு மிளகைக்கூட எண்ணெய்ப் பிசின் வடிப்போர் விலை கொடுத்து வாங்கும்போது, அதை அமிலத் தொட்டியில் ஊற்றுவது கட்டுப்படியாகாது; எனவே ஆராயத்தக்கது, மணி உதிர்த்தபின் வீணே கிடக்கும் காம்பும் தூசுமே. அதற்கான ஆலோசனையைக் கேட்க, ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. இத்தகைய சாறு வடிப்பதற்கென நக்கிள்ஸ் பாதுகாப்பு வனத்துக்குள் புகுந்து இலையும் பட்டையும் பறித்து வருமாறு எவரேனும் கூலி பேசினால், பறித்தவர் மேலும் வழக்கு விழக்கூடும்.