பிரித்துக் கொடுத்த குப்பையை ஒன்றாகக் கொட்டினால் என்ன செய்வது?

“பத்து நாள் பிரிச்சு வெச்சுப் பார்த்தேங்க. வண்டியில எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொட்டுறாங்க. அப்புறம் எனக்கு மட்டும் என்ன தலையெழுத்தா?”

விருத்தாசலத்தில் வீட்டுக் குப்பையைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்பக் காதில் விழுவது இந்தப் பதில்தான். ஆதங்கம் நியாயமானது. அதற்குப் பிறகு செய்வதுதான் தப்பு. இரண்டு வாளியும் மறுபடி ஒன்றாகிவிடும். கேரி பேக், எண்ணெய் பாக்கெட், தெர்மாகோல் எல்லாம் ஒரு சாக்கில் சேரும். சாக்கு நிரம்பிய அன்று சாயங்காலம் கொல்லைப்புறத்தில் கொளுத்திவிடுவார்கள். கோபத்தை வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் மேல் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர் என்ன செய்வார்? பிரித்த குப்பை கலக்காதபடி நடுவில் தடுப்பு வைத்த வண்டியைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் அவர் இல்லை. முடிவு செய்கிறவரிடம் எழுத்தில் கேட்க ஒருவரும் போவதில்லை.

குப்பையைப் பிரிப்பது ஏதோ நல்ல பழக்கம், விருப்பம் இருந்தால் செய்யலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்த 2016 முதலே, மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயகரமான கழிவு என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுப்பது ஒவ்வொரு வீட்டின் கடமை. பிரித்ததைப் பிரித்தபடியே வீடு வீடாக வந்து வாங்கிக்கொள்வது நகராட்சியின் கடமை. ஒரு பக்கம் செய்தால்தான் மறு பக்கத்தைக் கேட்க முடியும். நீங்கள் கலந்து கொடுத்துவிட்டு நகராட்சியைக் கேள்வி கேட்டால், சுகாதார ஆய்வாளர் உங்கள் வாளியைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பார். ஆகவே, வண்டியில் கலந்தாலும் வீட்டில் பிரிப்பதை நிறுத்தாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றுள் இந்த ஊருக்கே உரியதை முதலில் சொல்கிறேன். விருத்தாசலம் பீங்கான் ஊர். செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, அந்தத் தொழிலைக் கற்றுத்தர அரசுக் கல்வி நிலையம் இருக்கிறது. பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் சூளையிலிருந்து இறங்கும் ஊரில், வீட்டு விசேஷம் என்றால் டீ கொடுப்பது பேப்பர் கப்பில். “பேப்பர்தானே, பிளாஸ்டிக் இல்லையே” என்கிறார்கள். அந்தக் காகிதத்தின் உள்பக்கம் பாலித்தீன் பூச்சு இருக்கிறது. இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும், 2018 ஜூன் 25 அன்று வந்த தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல், வனத் துறை அரசாணை எண் 84-இன் தடைப் பட்டியலிலேயே இருக்கின்றன. தடை 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. பேப்பர் கப் தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் அந்தத் தடை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் கடைகளில் சரம் சரமாகத் தொங்குகிறது என்றால், சோதனைக்குப் போக வேண்டியவர்கள் போகவில்லை என்றுதான் பொருள்.

காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் பேப்பர் கப்பில் 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி நீரை ஊற்றிப் பார்த்தார்கள். 15 நிமிடத்தில் ஏறத்தாழ 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்திருந்தன. குழந்தைக்குப் பால் ஆற்றிக் கொடுப்பதும் அதே கப்பில்தான்.

வீட்டுக்கு இரண்டு டஜன் பீங்கான் கப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசேஷத்துக்கு எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கிறது. கப் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சுட்ட பிறகு மேலே பெயின்ட் அடித்த அழகுப் பொருள் வேறு, உள்ளே மெருகு ஏற்றிச் சுட்ட பாத்திரம் வேறு. அலங்காரத்துக்கு விற்கும் சாமானில் ஊறுகாய், புளிக்கரைசல், மோர் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். பெயின்டிலோ மெருகிலோ ஈயம் இருந்தால் புளிப்பு அதை இழுத்துவிடும். “இது சாப்பாட்டுக்கு ஆகுமா?” என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், தயங்கினால் வாங்காதீர்கள்.

உடைந்த பீங்கானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது மக்காது. எரியாது. காய்கறித் தோலோடு போட்டால், அதைக் கையால் கிளறும் பணியாளரின் விரலைக் கிழிக்கும். சில்லுகளைப் பூந்தொட்டியின் அடியில் போட்டால் நீர் வடியும். மிச்சத்தைப் பழைய அட்டையில் சுற்றி, கயிறு கட்டி, “உடைந்த பீங்கான்” என்று பேனாவால் எழுதித் தனியாகக் கொடுங்கள். கண்ணாடி, பிளேடு, ஊசி எல்லாவற்றுக்கும் இதே முறைதான். டியூப் லைட்டையும் சிஎஃப்எல் பல்பையும் உடைக்கவே கூடாது, உள்ளே பாதரசம் இருக்கிறது. முழுசாகத் தனியே கொடுங்கள். சானிட்டரி நாப்கினையும் குழந்தை டயப்பரையும் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். அதைச் சுற்றிப் போட உறை கொடுக்க வேண்டியது தயாரித்த கம்பெனி என்று 2016 விதிகளிலேயே சொல்லப்பட்டது. உறை இல்லாத பாக்கெட் என்றால் அதன் மேல் அச்சிட்டிருக்கும் வாடிக்கையாளர் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சமையலறைக் கழிவைப் பெரிய மண்பானையில் போடலாம். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, ஒரு கை கழிவுக்கு ஒரு கை காய்ந்த இலை என்று மாற்றி மாற்றிப் போட்டு வந்தால் சுமார் இரண்டு மாதத்தில் எருவாகும். நாறினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சருகு போடுங்கள். மக்கும் குப்பை வீட்டிலேயே முடிந்துவிட்டால், வண்டியில் கலப்பதற்கு அதிகம் மிஞ்சாது.

எரிப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பிவிசி பைப் துண்டு, ரெக்ஸின், ஒயர் உறை எரியும்போது டயாக்ஸின் என்ற நஞ்சு கிளம்பும். அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. “கொசு போகும்” என்று சொல்லிக்கொண்டு மூச்சிழுப்பு உள்ள பெரியவர் படுத்திருக்கும் அறையின் ஜன்னலோரத்தில் கொளுத்துகிறோம். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. போகிக்கும் இது பொருந்தும். காலி மனையில் எரிவதைக் கண்டால் இடம் தெரியும்படி படம் எடுத்து, நேரம் குறித்துக்கொள்ளுங்கள், அது பின்னால் மனுவோடு போகும்.

மாசி மகத்தின்போது மணிமுத்தாற்றங்கரையில் அன்னதானம் போடுகிறவர்களுக்கும், வீட்டு விசேஷம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு பக்கக் கடிதம் போதும். அதைக் கொடுத்திருந்தால் மறுநாள் வண்டி வரவில்லையே என்று உரிமையோடு கேட்கலாம். எச்சில் தட்டெல்லாம் ஆற்றில் கிடப்பதற்குப் பாதிக் காரணம், இந்தக் கடிதத்தை யாரும் கொடுக்காததுதான்.

இனி மனு. வண்டியில் கலந்து கொட்டுவதை ஒரு வாரம் தேதி வாரியாகக் குறித்து வையுங்கள். முடிந்தால் படமும் எடுங்கள், பணியாளரின் முகம் வேண்டாம், வண்டியும் அதன் எண்ணும் தெரிந்தால் போதும். மனுவை “ஆணையாளர், விருத்தாசலம் நகராட்சி” என்று விலாசமிட்டு எழுதுங்கள். வார்டு எண், தெருப் பெயர், உங்கள் சொத்து வரி எண் மூன்றும் முதல் பத்தியிலேயே வரட்டும். “குப்பை சரியில்லை” என்று பொதுவாக எழுதினால் அது பைலுக்குள் தூங்கிவிடும். கேட்பதை இரண்டாக எழுதுங்கள். எங்கள் தெருவுக்கு வரும் வண்டியில் தடுப்பு அமைக்க வேண்டும். பிரித்துக் கொடுத்த குப்பையைப் பிரித்தே உரமாக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கூடவே நாலைந்து வீட்டார் கையெழுத்துப் போட்டால் பலம் கூடும். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். “வெச்சுட்டுப் போங்க, பார்த்துக்கிறோம்” என்பார்கள். முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். கொடுக்க மறுத்தால் அங்கே வாக்குவாதம் வேண்டாம், தபால் நிலையத்துக்குப் போய், ஒப்படைத்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

நீங்கள் ஊராட்சிப் பகுதியில் இருந்தால் மனு நகராட்சிக்கு அல்ல, ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் போக வேண்டும். தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். தடை செய்த கப், கேரி பேக் மொத்தமாக விற்கும் கிடங்கு தெரிந்தால், நகராட்சிக்குக் கொடுக்கும் மனுவின் நகலைக் கடலூரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் அனுப்புங்கள்.

ஒரு மாதம் பார்த்தும் அசைவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிய விண்ணப்பம். “ஏன் செய்யவில்லை?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: என் மனு மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல், என் வார்டில் ஓடும் வண்டிகளின் பட்டியல், கடந்த ஆண்டு பிளாஸ்டிக் சோதனையில் விதித்த அபராத ரசீதுகளின் நகல். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் பயன்படவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையம். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத்தான் பலர் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். காலண்டரில் எழுதி வையுங்கள்.

இடையில் திங்கட்கிழமை கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அங்கே போக முடியாதவர்கள் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் பதிவு செய்யலாம். இரண்டிலும் மனு எண் தருவார்கள். கூட்டத்தில் கொடுக்கும் மனுவோடு நகராட்சியில் முத்திரை வாங்கிய பிரதியையும் இணையுங்கள், இல்லாவிட்டால் அது சுற்றிக்கொண்டு மறுபடி முதல் மேஜைக்கே வரும். “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று பதில் அனுப்பி மனுவை முடித்துவிடுவதும் உண்டு. அப்போது தெருவுக்கு வந்த வண்டியை அன்றைய தேதியோடு மறுபடி படமெடுத்து, பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டு, “தீர்வு காணப்படவில்லை” என்று அடுத்த மனு கொடுங்கள். மனு எண் வந்த குறுஞ்செய்தியைப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.